கறிவேப்பிலை தொட்டிய சுத்துற அந்த கறுப்பு பட்டாம்பூச்சி யாருன்னு உடம்பப் பாத்தா தெரியும்

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன், மூணு போட்டோவையும் பெருசு பண்ணிப் பாத்தேன். மத்தவங்களும் படிப்பாங்கன்றதால விஷயத்த ஒரு தடவ சொல்லிடறேன்: வேளச்சேரில உங்க வீட்டு மொட்டை மாடி, தொட்டில ஒரு கறிவேப்பிலை ஒரு எலுமிச்சை, நாலு நாளா காலைல பத்து மணி வாக்குல ஒரு பெரிய கறுப்பு பட்டாம்பூச்சி வந்து அந்த ரெண்டையே சுத்துது, கீழ் றெக்கைல செவப்பு புள்ளி, பின்னாடி வால் மாதிரி நீட்டிட்டு இருக்கு, மொபைல் ஆப்ல போட்டா கிரிம்சன் ரோஸ்னு வருது, இது நம்ம ஊர் பூச்சிதானா, எங்க வாழும்னு கேக்கறீங்க. கூடவே கறிவேப்பிலை இலைல காக்கா எச்சம் மாதிரி ஏதோ நெளியுது, அம்மா மருந்து அடிக்கணும்னு நிக்கறாங்கன்னு கடைசி வரில போட்டிருக்கீங்க.

அந்த கடைசி வரிதான் அவசரம். அம்மாவ மருந்து பாட்டில கீழ வைக்கச் சொல்லுங்க, ஏன்னு வரிசையா சொல்றேன்.

அது கிரிம்சன் ரோஸ் கெடையாது. கிரிம்சன் ரோஸ் மாதிரி வேஷம் போட்டிருக்கற காமன் மார்மன், அதுலயும் பொண்ணு. தமிழ்ல இதுக்கு கறிவேப்பிலை அழகின்னு பேர் வச்சிருக்காங்க, யார் வச்சாங்களோ நல்லா இருக்கட்டும், பேர்லயே பாதி அடையாளம் வந்துடுச்சு. ஆப் ஏமாந்ததுல தப்பே இல்ல, கரிச்சான் குருவியே ஏமாறுது, அதுக்குத்தான் அந்த வேஷமே. நானும் ரெண்டு வருஷம் ஏமாந்தவன்தான். திருவான்மியூர்ல எங்க வீட்டு பின்னாடி டெய்லி கிரிம்சன் ரோஸ் வருதுன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு இருந்தேன், ஒரு நாள் பூச்சி பாக்கற ஒரு பெரியவர் என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "உடம்பு என்ன கலர் சார்?" எனக்கு பதில் தெரியல, ஏன்னா அவ்ளோ நாளும் றெக்கைய மட்டும்தான் பாத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பழைய போட்டோ எல்லாம் தொறந்து பாத்தா அத்தனையும் கறுப்பு உடம்பு.

இதுதான் மொதல் சோதனை, இது ஒண்ணே போதும்னும் சொல்லலாம். கிரிம்சன் ரோஸோட தலையும் வயிறும் நல்லா ரத்தச் செவப்பா இருக்கும், தூரத்துல பறக்கும்போதே குங்குமம் தடவின மாதிரி தெரியும். காமன் ரோஸ்னு அதுக்கு சொந்தக்கார பட்டாம்பூச்சி ஒண்ணு இருக்கு, அதுக்கும் உடம்பு செவப்பு. மார்மன் எந்த வேஷம் போட்டாலும் சரி, உடம்பு மட்டும் கறுப்பு, அதுல செவப்பே வராது. றெக்கைக்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டவ உடம்புக்கு அடிக்க மறந்துட்டான்னு நான் பசங்களுக்கு சொல்றது. உங்க ரெண்டாவது போட்டோல பூச்சி பக்கவாட்டுல தெரியுது பாருங்க, வயித்துப் பகுதி முழுக்க கறுப்பு. அங்கயே முடிஞ்சு போச்சு.

றெக்கையும் சும்மா ஒரு தடவ பாத்துக்கலாம். உண்மையான கிரிம்சன் ரோஸுக்கு மேல் றெக்கைல ரெண்டு வெள்ளைப் பட்டை இருக்கும், ஒண்ணு நடுவுல அகலமா, ஒண்ணு நுனிகிட்ட சின்னதா, ரெண்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி பளிச்சுனு இருக்கும். வேஷக்காரிக்கும் அதே இடத்துல வெளுப்பு இருக்கும், ஆனா பவுடர் கொட்டி துடைச்ச மாதிரி மங்கலா, ஓரம் கலைஞ்சு. கீழ் றெக்கைல அசலுக்கு செவப்பு புள்ளி ரெண்டு வரிசை, நல்ல குருதிச் செவப்பு. சைஸ வச்சு எல்லாம் முடிவு பண்ண முடியாது, ரெண்டுமே றெக்கை விரிச்சா ஏறக்குறைய 9-10 சென்டிமீட்டர்.

ரெண்டாவது சோதனை, எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான்: அது எந்தச் செடிய சுத்துது? பூவ சுத்தினா அது சும்மா ஓட்டலுக்கு வந்த மாதிரி, யார் வேணா வருவாங்க, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பூவே இல்லாத செடிய, அதுவும் இலைய மட்டும் தொட்டுத் தொட்டு சுத்தினா அது முட்டை போட வந்திருக்குன்னு அர்த்தம். பட்டாம்பூச்சிக்கு கால்லயே ருசி தெரியும் தம்பி, இலை மேல முன்காலால தட்டித் தட்டிப் பாக்கும், இது நம்ம புள்ள திங்கற இலைதானான்னு செக் பண்ணும், சரியா இருந்தா வயித்த வளச்சு தளிர்ல ஒரே ஒரு முட்டை வச்சுட்டு அடுத்த தளிருக்குப் போகும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா இதெல்லாம் ஒரே குடும்பத்துச் செடிங்க, இலையக் கசக்கினா வாசனை வரும்ல, அந்த எண்ணெய் வாசனைதான் மார்மனுக்கு அட்ரஸ். கிரிம்சன் ரோஸுக்கு இந்த இலைல ஒரு வேலையும் இல்ல, அதோட புழு இதத் தின்னாது. நாலு நாளா ஒரு பூச்சி கறிவேப்பிலையவே சுத்துதுன்னு நீங்க எழுதினதப் படிச்சதும், போட்டோ தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு பாதி விடை தெரிஞ்சிடுச்சு.

மூணாவது பறக்கற விதம், இது எழுத்துல சொல்றது கஷ்டம், நாலு தடவ பாத்தா கண்ணுக்கே பழகிடும். ரோஸ் ரெண்டும் பூகிட்ட அவசரமே இல்லாம பறக்கும், எவன் என்ன பண்ணிடுவான்ற மாதிரி. மார்மன் சும்மா இருக்கும்போது அதே மாதிரி மெதுவா பறந்து நடிக்கும், ஆனா நீங்க கிட்டப் போய் கை வீசினா அடுத்த செகண்ட் நடிப்ப விட்டுட்டு தாறுமாறா எகிறி பக்கத்து வீட்டு மாடிக்கு ஓடிடும்.

இப்ப வேஷம் எதுக்குன்ற கதைக்கு வரேன், இதுக்கு ஒரு கொடியப் பத்தி பேசாம முடியாது. ஆடுதின்னாப்பாளைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? சில ஊர்ல ஆடுதீண்டாப்பாளைன்னும் சொல்லுவாங்க. தரையோட படர்ற சின்னக் கொடி, சாம்பல் பூத்த பச்சைல இதய வடிவ இலை, கரும் ஊதா நிறத்துல ஊதுகுழல் மாதிரி ஒரு விசித்திரமான பூ. பேர வச்ச கெழவன் கெட்டிக்காரன், முள்ளு முருங்கைல இருந்து சுவத்துப் போஸ்டர் வரைக்கும் மேயற ஆடே இதத் தொடாதுன்னு ஒரே வார்த்தைல எழுதி வச்சுட்டுப் போயிட்டான். அதுல இருக்கற அரிஸ்டோலோகிக் அமிலம்ன்ற விஷம்தான் காரணம். இதோட சொந்தக்காரி கருடக்கொடி, ஈஸ்வரமூலின்னும் சொல்லுவாங்க, அது மரம் புதர்னு பிடிச்சு ஏறும், இலை கொஞ்சம் நீளம், காய் வெடிச்சா தலைகீழா தொங்கற சின்னக் கூடை மாதிரி இருக்கும்.

ஆடு ஒதுக்கற அந்தக் கொடிதான் கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் ரெண்டோட புழுவுக்கும் சாப்பாடு. இலையோட விஷத்த புழு தன் உடம்புலயே சேத்து வச்சுக்கும், கூட்டுப்புழு ஆகி பட்டாம்பூச்சியா வெளிய வந்தப்புறமும் அந்த விஷம் கூடவே இருக்கும். ஒரு குருவிக் குஞ்சு அனுபவம் இல்லாம ஒண்ண கவ்வுச்சுன்னா, நாத்தம், கசப்பு, துப்பிடும், அப்புறம் வாழ்க்கைல செவப்பு கறுப்பு றெக்கையப் பாத்தா அந்தப் பக்கமே போகாது. ரோஸோட உடம்பு தோல் மாதிரி கெட்டியா வேற இருக்கும், கொத்து வாங்கிட்டும் பல நேரம் பறந்து போயிடும். இப்ப மார்மன் பக்கம் பாருங்க. கறிவேப்பிலை எலுமிச்சை தின்னு வளந்ததுக்கு இந்த மாதிரி விஷமெல்லாம் கெடையாது, குருவிக்கு அருமையான பலகாரம். அதனால விஷக்காரியோட சட்டையப் போட்டுக்கிட்டு சுத்துது. நம்ம ஊர்ல மஃப்டில வர்ற போலீஸ் இருக்கு, இது அதுக்கு நேர் உல்டா, போலீஸே இல்லாதவன் யூனிபார்ம் போட்டுக்கிட்டு வர்றது.

இதுல கூத்து என்னன்னா, மார்மன் ஆம்பளை வேஷமே போடறது இல்ல. கறுப்பு றெக்கை, கீழ் றெக்கைல குறுக்கால ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை, அவ்ளோதான். பொண்ணுல மட்டும் நம்ம பக்கம் மூணு ரகம் உண்டு: ஆம்பளை மாதிரியே இருக்கறது ஒண்ணு, காமன் ரோஸ் வேஷம் ஒண்ணு, கிரிம்சன் ரோஸ் வேஷம் ஒண்ணு. மூணும் ஒரே இனம், ஒரே தாய்க்குப் பொறந்த பொண்ணுங்ககூட வேற வேற ரகமா இருக்கலாம். ஒருத்தனுக்கு இத்தனை தினுசுல பொண்டாட்டியான்னுதான் வெள்ளைக்காரன் அந்தக் காலத்துல பலதார மணம் பண்ணிட்டு இருந்த மார்மன் சபைக்காரங்க பேர இதுக்கு வச்சான். பொண்ணுக்கு மட்டும் ஏன் வேஷம்னு கேட்டா, முட்டை சுமந்துக்கிட்டு செடி செடியா மெதுவா நின்னு நின்னு போறது அவதான், குருவிகிட்ட மாட்டற ஆபத்தும் அவளுக்குத்தான் ஜாஸ்தின்னு ஒரு விளக்கம் சொல்றாங்க, எனக்கு அது நியாயமாதான் படுது.

மொதல்ல பேர் வச்சவங்களே குழம்பிப் போனவங்கதான், அதனால உங்க ஆப்ப ரொம்பத் திட்டாதீங்க. 1758ல லின்னேயஸ் கறுப்பு பட்டாம்பூச்சிங்களுக்கு கிரேக்க புராணத்துல இருந்து பேரா அள்ளி வச்சாரு, கிரிம்சன் ரோஸுக்கு ஹெக்டர், மார்மனுக்கு பாலிடெஸ். அந்தக் கதைல ரெண்டு பேரும் ட்ராய் ராஜா ப்ரியாமோட புள்ளைங்க, அண்ணன் தம்பி! நெசத்துல ரெண்டும் நெருங்கின சொந்தம்கூட கெடையாது, பெரிய குடும்பம் ஒண்ணு, அவ்ளோதான். கிரிம்சன் ரோஸ் வேஷம் போட்ட பொண்ண தனி இனம்னு நெனச்சு ரோமுலஸ்னு ஒரு பேர் வச்சாங்க, இன்னைக்கும் அந்த வேஷத்துக்கு பேர் அதுதான். 1862ல பேட்ஸ்ன்றவர் அமேசான் காட்டுப் பூச்சிங்கள வச்சு இந்த வேஷம் போடற விஷயத்த விளக்கினாரு, அதுக்கு சில வருஷத்துலயே வாலஸ், அதாங்க டார்வின் கூட சேந்து பேசப்படறவரு, இந்த விதவிதமான பொண்ணுங்க எல்லாம் ஒரே இனம்தான்னு எழுதினாரு. அப்புறம் 1910கள்ல சிலோன்ல ஃப்ரையர்னு ஒருத்தர் தலைமுறை தலைமுறையா மார்மன வளத்துப் பாத்து இது பரம்பரையா எப்படி எறங்குதுன்னு கணக்கு போட்டாரு. 2014ல பெங்களூர்ல என்சிபிஎஸ்ன்ற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல இருக்கற கிருஷ்ணமேக் குண்டேவும் அமெரிக்காக்காரங்களும் சேந்து நேச்சர் பத்திரிகைல எழுதினாங்க, இந்த வேஷத்தோட சுவிட்ச் டபுள்செக்ஸ்னு ஒரே ஒரு ஜீன்தான்னு. ஒரு பூச்சி ஆணா பொண்ணான்னு தீர்மானிக்கற வேலை பாக்கற அதே ஜீன். ஆம்பளைக்கு ஏன் வேஷம் இல்லன்றதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இப்ப புரியுதா? நூத்தம்பது வருஷமா பெரிய பெரிய மூளைங்க ஒக்காந்து யோசிச்ச பூச்சி உங்க மாடில கறிவேப்பிலைய மேஞ்சுட்டு இருக்கு.

சரி, நம்ம ஊர் பூச்சியா, எங்க வாழும்னு கேட்டீங்கல்ல. நூறு பர்சென்ட் நம்ம ஊர். மார்மன் இந்தியா முழுக்க, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, சீனா வரைக்கும் இருக்கு. கிரிம்சன் ரோஸ் அப்படி இல்ல, இந்தியா இலங்கைய விட்டா அதுக்கு வேற ஊர் இல்லைன்னே வச்சுக்கலாம், அதுலயும் நம்ம தெக்கத்திப் பக்கம்தான் நல்லா பாக்கலாம். அசல் எங்க இருக்கோ அங்கதான் போலிக்கும் மவுசு, அதனால ரோமுலஸ் வேஷமும் கிரிம்சன் ரோஸ் பறக்கற பக்கம்தான் இருக்கும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல ரொம்ப காலமா மொதல் அட்டவணைல, அதாவது உச்ச பாதுகாப்பு தர்ற பட்டியல்ல இருந்த பூச்சி கிரிம்சன் ரோஸ், புடிச்சு பாட்டில்ல போடற வேலையெல்லாம் கூடாது.

மெட்ராஸ்ல இதுங்களுக்கு வீடு எதுன்னு கேட்டா எல்லாரும் உடனே கிண்டின்னு சொல்லுவாங்க. தப்பில்ல. 2.7 சதுர கிலோமீட்டர்தான் கிண்டி தேசியப் பூங்கா, ஆனா நம்ம கடற்கரைச் சமவெளிக்குன்னே இருக்கற வறண்ட பசுமைமாறாக் காட்டோட மிச்சம் அது, ஐஐடி, ஆளுநர் மாளிகை எல்லாம் ஒரு காலத்துல அதே காடுதான். அந்தப் புதர்ல கருடக்கொடி மாதிரி ஏறு கொடிங்களுக்கு எடம் இருக்கு, அதனால ரோஸ் இருக்கு. தியோசாபிகல் சொசைட்டி, அடையார் பூங்கா, மேடவாக்கம் கிட்ட நன்மங்கலம் காப்புக்காடு, வண்டலூர், இங்கெல்லாம் காலைல எட்டரை மணில இருந்து பதினொரு மணிக்குள்ள போய் உண்ணிச்செடி பூத்திருக்கற எடமா பாத்து நில்லுங்க. உண்ணிச்செடி வெளிநாட்டுக் களைதான், காட்டுக்குக் கெடுதல்தான், ஆனா கிரிம்சன் ரோஸுக்கு அந்தப் பூ தேன்னா உயிரு, என்ன பண்றது.

ஆனா நான் சொல்ல வர்றது வேற. பட்டாம்பூச்சிக்கு வீடுன்றது எடம் இல்ல தம்பி, செடி. கிண்டிக்குள்ளயே கொடி இல்லாத பக்கத்துல ரோஸ் முட்டை வைக்காது, காலி மனைல குப்பைக்கும் உடைஞ்ச செங்கல்லுக்கும் நடுவுல ஆடுதின்னாப்பாளை நாலு கொடி படர்ந்திருந்தா அங்க ரோஸ் வந்துடும். எங்க தெருக்கோடில அப்படி ஒரு மனை பத்து வருஷம் கேஸ்ல கெடந்துச்சு, யாரும் உள்ள போக மாட்டாங்க, தரையோட தரையா இந்தக் கொடி. இலையத் திருப்பினா ஆரஞ்சு நிற முட்டை, அடுத்த வாரம் புழு. கேஸ் முடிஞ்சுது, ஜேசிபி வந்துச்சு, அரை நாள்ல மனை சுத்தமாச்சு, அக்கம்பக்கத்துல எல்லாரும் அப்பாடா பாம்பு பயம் போச்சுன்னாங்க. கட்டறவங்களக் குத்தம் சொல்ல முடியாது, அவங்க மனை அது. அந்த வருஷம் மழைக்கப்புறம் எங்க தெருவுல செவப்பு உடம்ப நான் பாக்கவே இல்ல, கறுப்பு உடம்பு மட்டும் எப்பவும் போல வந்துட்டு இருந்துச்சு, ஏன்னா கறிவேப்பிலை வீட்டுக்கு வீடு இருக்கு, ஆடுதின்னாப்பாளைய யாரு வளப்பா?

இத யோசிச்சா ஒரு விஷயம் இடிக்குது. போலி வேலை செய்யணும்னா அசல் சுத்தி நெறைய இருக்கணும், குருவி மொதல்ல அசலக் கடிச்சு பாடம் படிச்சிருக்கணும். அசல் கொறஞ்சு போலி பெருகினா, குருவி பத்து தடவ கடிச்சு ஒம்போது தடவ ருசியா இருந்தா பயம் எங்க இருக்கும்? உங்க மாடில பறக்கறவளோட உயிர் எங்கயோ ஒரு குப்பை மனைல படர்ற கொடிகிட்ட இருக்கு.

எப்ப பாக்கலாம்னா, வருஷம் பூரா தட்டுப்படும், ஆனா வடகிழக்குப் பருவமழை பேஞ்சு முடியற நேரம், நவம்பர் பாதில இருந்து பொங்கல் தாண்டி வரைக்கும் நல்ல சீசன், தளிர் நெறைய இருக்கும், வெயிலும் சுடாது. ஏப்ரல் மே வெயில்ல காலைல சீக்கிரம் போனாத்தான் உண்டு. ராமேஸ்வரம் தனுஷ்கோடிப் பக்கம் போற வாய்ப்பு கெடைச்சா விடாதீங்க, கிரிம்சன் ரோஸ் அங்க கூட்டம் கூட்டமா சேரும், தரைய விட்டு கடல் மேலயே இலங்கைப் பக்கமா பறந்து போறத எல்லாம் பாத்து எழுதி வச்சிருக்காங்க. விசா பாஸ்போர்ட் ஒண்ணும் கெடையாது அதுக்கு.

இப்ப அம்மா விஷயம். காக்கா எச்சம் மாதிரி இருக்கறது மார்மனோட சின்னப் புழு, அதுவும் ஒரு வேஷம்தான், எச்சத்த எந்தக் குருவியும் திங்காதுல்ல. கொஞ்சம் பெருசானதும் சட்டைய கழட்டி நல்ல பச்சையா ஆயிடும், முதுகு மேட்டுல பொய்க்கண்ணு ரெண்டு வரும், பாக்க குட்டிப் பாம்பு தலை மாதிரி. தொட்டீங்கன்னா தலைக்குப் பின்னாடி இருந்து செவப்பா கவட்டை மாதிரி ஒண்ணு நீட்டும், கூடவே ஒரு நெடி. கடிக்காது, அரிக்காது, கம்பளிப்பூச்சி கூட இதுக்கு சம்பந்தமே இல்ல, அத அம்மாகிட்ட தெளிவா சொல்லிடுங்க, பாதி பயம் போயிடும். முட்டைல இருந்து பட்டாம்பூச்சி வரைக்கும் ஏறக்குறைய ஒரு மாசம், அதுல இலை திங்கறது ரெண்டு மூணு வாரம்தான், நெறைய திங்கறது கடைசி நாலஞ்சு நாள்தான். செடி சாகாது, மொட்டை அடிச்ச எடத்துல ரெண்டு தளிர் வெடிக்கும், நாமளே ஒடிச்சு விட்டா நல்லா கெளைக்கும்னுதானே கறிவேப்பிலைய ஒடிப்போம். காய் வாங்கினா கடைக்காரர் கொசுறா தர்ற கறிவேப்பிலைக்காக இத சாகடிக்கணுமான்னு கேட்டுப் பாருங்க. செடி ரொம்பச் சின்னதா இருந்து நாலஞ்சு புழு இருந்தா ரெண்ட விட்டுட்டு மிச்சத்த கிளையோட வெட்டி பக்கத்துல பெரிய கறிவேப்பிலை மரம், எலுமிச்சை மரம் எதுலயாவது கட்டி விடுங்க. மருந்து அடிச்ச இலைய நீங்களும்தான ரசத்துல போட்டு சாப்பிடப் போறீங்க?

இன்னொண்ணு, எலுமிச்சைல இருக்கற புழு எல்லாம் மார்மன்னு நெனச்சுடாதீங்க, எலுமிச்சை பட்டாம்பூச்சின்னு வால் இல்லாத கறுப்பு மஞ்சள் ஒண்ணு இருக்கு, அதோட புழுவும் சின்னதுல இதே எச்ச வேஷம்தான் போடும். அதையும் விட்டுடுங்க, அதுவும் நம்ம ஆளுதான்.

உண்மையான ரோஸ் வேணும்னு ஆசை வந்துடுச்சுன்னா ஆடுதின்னாப்பாளையோ கருடக்கொடியோ தொட்டில வளக்கலாம், வெயில் வேணும், தண்ணி தேங்கக் கூடாது. ஆனா நர்சரில வாங்கும்போது உஷார். நான் ஒரு நர்சரில ஈஸ்வரமூலி இருக்கான்னு கேட்டு, பெரிய பெரிய பூ பூக்கற வெளிநாட்டு வகை ஒண்ண தலைல கட்டிட்டாங்க, அதே ஊதுகுழல் பூதான், மேல பழுப்பு வெள்ளைல கோலம் போட்ட மாதிரி இருக்கும், அழகுக்கு வளக்கற கொடி. ஆஸ்திரேலியால அந்தக் கொடில ரிச்மண்ட் பேர்ட்விங்னு ஒரு பெரிய பட்டாம்பூச்சி வாசனையப் பாத்து ஏமாந்து முட்டை வச்சு, பொறந்த புழு அத்தனையும் விஷம் ஒத்துக்காம செத்துட்டு இருக்கு. அதப் படிச்சப்புறம் நான் அத வேரோட புடுங்கிட்டேன், நம்ம ஊர் கொடியே போதும். இன்னொரு எச்சரிக்கை, ஈஸ்வரமூலி பாம்புக்கடிக்கு நல்லது அதுக்கு நல்லது இதுக்கு நல்லதுன்னு யாராச்சும் இலைய அரைச்சுக் குடிக்கச் சொன்னா குடிச்சுடாதீங்க. அந்த அமிலம் கிட்னிய காலி பண்ணும், புத்துநோயும் வரும், உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே நிச்சயமா புத்துநோய் உண்டாக்கறதுன்னு வகைப்படுத்தி வச்சிருக்கு. 1990கள்ல பெல்ஜியத்துல ஒடம்பு எளைக்கற மாத்திரைல தவறிப்போய் இந்தக் குடும்பத்துச் செடி ஒண்ணு கலந்து நூறு பேருக்கு மேல கிட்னி போயிடுச்சு. வளத்து வேடிக்கை பாக்கலாம், வாய்ல வைக்கக் கூடாது. ஆட்டுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரிய வேணாமா.

கொடி வளந்து புழு வந்தா அதுலயும் ரெண்டு ரோஸையும் பிரிச்சுடலாம்: ரெண்டும் கருஞ்செவப்பா, ஒடம்பு பூரா செவப்பு முள்ளு மாதிரி சதைக் கொம்போட இருக்கும், நடுவுல வெள்ளையா ஒரு பட்டை சுத்தியிருந்தா காமன் ரோஸ், பட்டை இல்லன்னா கிரிம்சன் ரோஸ். பட்டாம்பூச்சி ஆனப்புறம் காமன் ரோஸுக்கு கீழ் றெக்கை நடுவுல வெள்ளைத் திட்டு இருக்கும், கிரிம்சனுக்கு அது இருக்காது.

இந்த வேஷக் கதை உங்க மாடியோட முடியல. வேளச்சேரி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எருக்கஞ்செடி இருக்கற காலி எடத்துல ஆரஞ்சு நிறத்துல ஓரம் கறுப்பா ஒரு பட்டாம்பூச்சி பறக்கும், வெந்தய வரியன், ஆங்கிலப் பேர் ப்ளெயின் டைகர், எருக்கம்பால் விஷத்த ஒடம்புல சேத்து வச்சுக்கறது. அதுக்கும் ஒரு போலி இருக்கு, டனாய்ட் எக்ஃப்ளைன்னு, அதுலயும் பொண்ணுதான் வேஷக்காரி. கீழ் றெக்கை நடுவுல மூணு நாலு கறுப்பு புள்ளி இருந்தா அசல், ஓரத்துல ஒத்தப் புள்ளி இருந்தா போலி. அதோட ஆம்பளை கறுப்புல மூணு ஜோடி வெள்ளை வட்டத்தோட, சுத்தி நீலம் மின்ன, ஆளே வேற மாதிரி இருப்பான். அப்புறம் சில பேர் எந்த ஆரஞ்சுப் பூச்சியப் பாத்தாலும் இது 2019ல மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்ச தமிழ் மறவனான்னு கேக்கறாங்க, அது மலைக்காட்டு ஆளு, வேளச்சேரில எதிர்பாக்காதீங்க.

நாளைக்குக் காலைல அவ திரும்ப வந்தா மேல இருந்து எடுக்காதீங்க, பக்கவாட்டுல, ஒடம்பு தெரியற மாதிரி ஒண்ணு, அவ போனப்புறம் தளிரோட அடிப்பக்கம் திருப்பி ஒண்ணு எடுத்துப் போடுங்க. ஊசி தலைய விட கொஞ்சம் பெருசா, வெளிர் மஞ்சள்ல, உருண்டையா ஒரு முட்டை இருக்கும். தேதிய ஒரு காயிதத்துல எழுதி தொட்டில சொருகி வைங்க, கூட்டுப்புழு ஆகற நேரத்துல செடிய விட்டு எறங்கி சுவத்துலயோ தண்ணி டேங்க் அடிலயோ போய் ஒட்டிக்கும், காணோம்னு தேடாதீங்க, அம்மாகிட்டயும் சுவத்தப் பெருக்கும்போது பாத்துப் பெருக்கச் சொல்லுங்க. வெளிய வர்றது ஆணா பொண்ணா, பொண்ணுன்னா எந்த வேஷத்துல வர்றான்னு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.